சி டிரைவ் சிவப்பாகும்போது: குப்பை ஃபைல் விதிகளில் வரும் கோளாறும் தீர்வும்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் இ-சேவை மையமோ ஜெராக்ஸ் கடையோ நடத்துகிறவர்களின் கம்ப்யூட்டர் நிரம்புவதற்கென்று ஒரு காலம் உண்டு. சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு கட்டக் கடைசித் தேதி நெருங்கும் நவம்பரில் ஒரு முறை. தை, மாசியில் அறுவடை முடிந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் பதிவு செய்ய ஆட்கள் வரும்போது இன்னொரு முறை. ஆளுக்கு ஒரு சிட்டா, ஒரு அடங்கல், ஆதார், பாஸ்புக்கின் முதல் பக்கம். எல்லாம் ஸ்கேன் ஆகி, பிடிஎஃப் ஆகி, பாதி டெஸ்க்டாப்பிலும் மீதி டவுன்லோட்ஸிலும் கிடக்கும். 128 ஜிபி எஸ்எஸ்டி போட்ட கம்ப்யூட்டர் இதைத் தாங்காது. இடம் தீர்ந்து, எக்ஸ்புளோரரில் சி டிரைவின் பட்டை சிவப்பாகிவிடும்.

விண்டோஸோடு வரும் டிஸ்க் கிளீனப்பும் ஸ்டோரேஜ் சென்ஸும் பொதுவான குப்பையை எடுக்கும். உங்கள் கடையில் எது குப்பை, எது ஒப்புகைச் சீட்டு என்று அவற்றுக்குத் தெரியாது. அதனால்தான் எங்கே, எதை அழிக்கலாம் என்று சொந்தமாக விதி எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு நான் பயன்படுத்துவது இரண்டு. ஒன்று, பிளீச்பிட் என்ற இலவசக் கருவி. சிகிளீனருக்காக உருவான வின்ஆப்2 என்ற விதி ஃபைலை இதுவும் படிக்கும். இன்னொன்று, தேதி பார்த்துப் பழைய ஃபைல்களைப் பொறுக்க உதவும், விண்டோஸிலேயே இருக்கும் ஃபார்ஃபைல்ஸ் கட்டளை. இந்த இரண்டிலும் வரும் கோளாறுகளைக் கடைக்காரர்கள் என்னிடம் சொல்லும் வார்த்தையிலேயே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுக்கு வந்திருப்பது எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் கடைசிப் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

விதி வரிகளை இங்கே உச்சரிப்பில் தருகிறேன். நோட்பேடில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். ஒரு சாதாரண விதி இப்படி இருக்கும்:

[ஸ்கேன் மிச்சம் *]
செக்‌ஷன்=எங்கள் கடை
டிடெக்ட்ஃபைல்=டி:\ஸ்கேன்
டிஃபால்ட்=ஃபால்ஸ்
ஃபைல்கீ1=டி:\ஸ்கேன்\வேலை|*.டிஎம்பி;*.பிஎம்பி|ரீகர்ஸ்

முதல் வரி விதியின் பெயர். டிடெக்ட்ஃபைல் என்றால், அந்த ஃபோல்டர் இருந்தால்தான் விதி உயிர் பெறும். டிஃபால்ட்=ஃபால்ஸ் என்றால், நீங்களாக டிக் அடிக்கும்வரை அது சும்மா இருக்கும். இந்த வரியை ஒருபோதும் விடாதீர்கள். கடைசி வரியில் செங்குத்துக் கோட்டால் பிரித்த மூன்று துண்டுகள்: எங்கே, எந்தப் பெயர், எவ்வளவு ஆழம்.

## “விதி எழுதிட்டேன், லிஸ்ட்லயே வரமாட்டேங்குது”

பெரும்பாலும் ஃபைலின் பெயர்தான் காரணம். நோட்பேட் தானாகக் கடைசியில் டிஎக்ஸ்டி சேர்த்துவிடும். விண்டோஸ் அந்த வாலை மறைத்துக் காட்டுவதால் உங்கள் கண்ணுக்கு வின்ஆப்2.ஐஎன்ஐ என்றே தெரியும். உண்மையில் அது வின்ஆப்2.ஐஎன்ஐ.டிஎக்ஸ்டி. எக்ஸ்புளோரரில் வியூ மெனுவுக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்தால் வால் வெளியே வரும். அதை அழித்துப் பெயரைத் திருத்துங்கள்.

பெயர் சரி என்றால் இடத்தைப் பாருங்கள். பிளீச்பிட் தேடுவது %ஆப்டேட்டா%\பிளீச்பிட்\கிளீனர்ஸ் என்ற ஃபோல்டரில். அந்த ஃபோல்டர் இல்லையென்றால் நீங்களே உருவாக்கலாம். ஃபைலை வைத்தபின் பிளீச்பிட்டை மூடித் திறக்க வேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தும் வரவில்லையா? பிளீச்பிட்டின் பிரிஃபரன்ஸஸில், பொருந்தாத கிளீனர்களை மறைக்கும் தேர்வு ஒன்று இருக்கிறது. அழிக்க ஒரு ஃபைல்கூட இல்லாத விதியை அது பட்டியலிலேயே காட்டாது. புதிதாக எழுதிய விதியைச் சோதிக்கும்போது இதை அணைத்து வையுங்கள். வேலை ஃபோல்டரில் காலி பிஎம்பி ஃபைல் ஒன்றைப் போட்டும் பார்க்கலாம். உடனே விதி தலைகாட்டினால் எழுதியதில் பிழை இல்லை.

அப்புறம் டிடெக்ட். ரெஜிஸ்ட்ரி (விண்டோஸும் நிரல்களும் தங்கள் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம்) சாவியை வைத்து ஒரு நிரல் இருக்கிறதா என்று பார்க்க டிடெக்ட் வரி. ஃபோல்டரையோ ஃபைலையோ வைத்துப் பார்க்க டிடெக்ட்ஃபைல் வரி. 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரல்கள் தங்கள் ரெஜிஸ்ட்ரிக் குறிப்பை வாவ்6432நோட் என்ற தனிக் கிளைக்குள் வைக்கும். நெட்டில் கிடைத்த பழைய விதி அந்தக் கிளையைப் பார்க்காமல் போகலாம். சொந்தமாக எழுதும்போது டிடெக்ட்ஃபைலே போதும். எக்ஸ்புளோரரில் கண்ணால் பார்த்து எழுதலாம். சந்தேகமிருந்தால் டிடெக்ட் வரியைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுப் பாருங்கள். அது இல்லாத விதி எப்போதும் பொருந்தியதாகவே கொள்ளப்படும். விதி இப்போது வந்துவிட்டால் பிழை அந்த வரியில்தான்.

ஃபைல்கீ1, ஃபைல்கீ2 என்று எண் வரிசை தப்பாமல் போகட்டும். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிவிட்டு எண்ணை மாற்ற மறப்பது சகஜம். இரண்டு ஃபைல்கீ1 இருந்தால் ஒன்று மட்டும் படிக்கப்படலாம், அல்லது முழு ஃபைலும் ஒதுக்கப்படலாம்.

## “லிஸ்ட்ல வருது, ஆனா பூஜ்யம்னு காட்டுது”

இங்கே முதலில் ப்ரீவ்யூவை ஓட்டுங்கள். பிளீச்பிட்டில் ப்ரீவ்யூ பொத்தான் எந்த ஃபைலையும் தொடாது. எது எது போகும், எவ்வளவு இடம் என்று வரி வரியாகக் காட்டும். அந்தப் பட்டியலில் நீங்கள் எதிர்பார்த்த ஃபைல் இல்லையென்றால் பாதையில் ஏதோ பிசகு.

குரோம் கேஷுக்கு (பார்த்த தளங்களின் நகலைக் குரோம் சேமித்து வைக்கும் இடத்துக்கு) எழுதிய விதியில் இது அடிக்கடி நடக்கும். நெட்டில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகளில் பாதை யூசர் டேட்டா\டிஃபால்ட் என்று முடியும். இ-சேவை மையத்தில் ஒரே குரோமில் இரண்டு மூன்று ப்ரொஃபைல் திறந்து வைத்திருப்பார்கள்: முதலாளிக்கு ஒன்று, வேலை பார்க்கும் தம்பிக்கு ஒன்று. இரண்டாவது ஆளின் கேஷ் ப்ரொஃபைல் 1 என்ற ஃபோல்டரில் சேரும். விதி டிஃபால்ட்டை மட்டும் துடைத்துவிட்டுப் போய்விடும். டிஃபால்ட் என்ற இடத்தில் நட்சத்திரக் குறி போட்டால் எல்லா ப்ரொஃபைலும் அடங்கும். ஆனால் நட்சத்திரம் போட்ட பாதையில் கடைசி ஃபோல்டர் கேஷ் என்று முடிவதை உறுதி செய்யுங்கள். ஒரு படி மேலே நின்றுவிட்டால் புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் விதிக்குள் வந்துவிடும்.

ரீகர்ஸ் விடுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் அந்த ஒரு ஃபோல்டரில் நேரடியாகக் கிடக்கும் ஃபைல்கள் மட்டும் கணக்கு. இன்றைய குரோமில் கேஷ் ஃபோல்டருக்குள் கேஷ்_டேட்டா என்று இன்னொரு ஃபோல்டர். ஃபைல்கள் இருப்பது அங்கே. ரீகர்ஸ் உள் ஃபோல்டர்களின் ஃபைல்களை எடுக்கும், ஃபோல்டரை விட்டுவைக்கும். ரிமூவ்செல்ஃப் என்று எழுதினால் ஃபோல்டரும் சேர்ந்தே போகும். ஸ்கேனர் மென்பொருள் தான் சேமிக்கும் ஃபோல்டரைக் காணாமல் தவிப்பதற்குப் பெரும்பாலும் இந்த ரிமூவ்செல்ஃப்தான் காரணம். கடையில் புழங்கும் ஃபோல்டருக்கு ரீகர்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது காரணத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். %ஆப்டேட்டா%, %லோக்கல்ஆப்டேட்டா%, %டெம்ப்% எல்லாம் ‘யார் ஓட்டுகிறாரோ அவருடைய’ ஃபோல்டரைக் குறிப்பவை. கடைத் தம்பியின் கணக்கில் உட்கார்ந்து, அட்மின் பாஸ்வேர்டு கேட்கும்போது முதலாளியின் பாஸ்வேர்டை அடித்துக் கருவியைத் திறந்தால், அது முதலாளியின் ஃபோல்டரைத்தான் துடைக்கும். குறித்த நேரத்தில் தானாக ஓடவிடும் டாஸ்க் ஷெட்யூலரில் சிஸ்டம் கணக்கில் ஓடவிட்டாலும் இதே கதை. தண்ணீர் பக்கத்து வயலில் நிற்க, நம் வயல் மடையைத் திறந்து வைத்த மாதிரிதான். எந்தக் கணக்கில் குப்பை சேருகிறதோ அந்தக் கணக்கிலிருந்தே ஓட்டுங்கள். ஷெட்யூலரிலும் அந்தப் பயனரின் பெயரையே கொடுங்கள்.

## “நேத்துதாண்ணே கிளீன் பண்ணேன், இன்னிக்கு மறுபடியும் செவப்பு”

விதியை அடிக்கடி ஓட்டுவது இதற்குத் தீர்வல்ல. ஏதோ ஒன்று ஊற்றிக்கொண்டே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வேண்டும். சி:\விண்டோஸ்\டெம்ப் ஃபோல்டரைத் திறந்து, தேதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள்.

கேப்_ என்று தொடங்கும் பெயரில் வரிசையாகப் பெரிய பெரிய ஃபைல்கள் கிடந்தால் காரணம் தெளிவு. இன்னும் பல கடைகளில் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்களில் இதைப் பார்க்கலாம். அப்டேட் வேலைகளை விண்டோஸ் சி:\விண்டோஸ்\லாக்ஸ்\சிபிஎஸ் ஃபோல்டரில் குறித்து வைக்கும். அந்தக் குறிப்பு பெருத்தால் அதைக் கேப் ஃபைலாகச் சுருக்கப் பார்க்கும். கேப் வடிவத்தின் எல்லை 2 ஜிபி. குறிப்பு அதைத் தாண்டிவிட்டால் சுருக்கும் வேலை ஒவ்வொரு முறையும் பாதியில் விழும். விழும் ஒவ்வொரு முறையும் அரைகுறை கேப்_ ஃபைல் டெம்பில் தங்கும். கேப்_ ஃபைல்களை மட்டும் அழிக்கும் விதி எழுதினால் மறுநாள் அவை திரும்ப நிற்கும்.

சர்வீசஸில் விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் ஓடினால் நிறுத்துங்கள். சிபிஎஸ் ஃபோல்டரில் 2 ஜிபியை நெருங்கியோ தாண்டியோ நிற்கும் சிபிஎஸ்பெர்சிஸ்ட் லாக் ஃபைலை வேறு டிரைவுக்கு நகர்த்துங்கள். அதன் பிறகு கேப்_ ஃபைல்களை அழியுங்கள். இதற்கு விதியே தேவையில்லை.

டெம்பில் ஒன்றும் இல்லையென்றால் பிரின்டர் பக்கம் பாருங்கள். சி:\விண்டோஸ்\சிஸ்டம்32\ஸ்பூல்\பிரின்டர்ஸ் ஃபோல்டரில் எஸ்பிஎல், எஸ்எச்டி ஃபைல்கள் தேங்கியிருந்தால், அச்சாகாமல் சிக்கிக்கொண்ட வேலைகள் அவை. பிரின்ட் ஸ்பூலர் சர்வீஸை நிறுத்தி, அந்த ஃபைல்களை அழித்து, மறுபடி ஓடவிடுங்கள். வரிசையில் ஆள் நிற்கும் நேரத்தில் வேண்டாம். காத்திருக்கும் அச்சு வேலை எல்லாம் அதோடு போகும்.

பிரவுசர் கேஷ் திரும்ப நிரம்புவது கோளாறு அல்ல. கேஷ் இருப்பதே அதற்குத்தான். அதைத் தினமும் துடைத்தால் அரசுத் தளங்கள் ஒவ்வொரு முறையும் முழுதாக இறங்க வேண்டியிருக்கும். நெட் மந்தமாக இருக்கும் ஊரில் அது வேலையைத்தான் கெடுக்கும்.

## “அழிச்சாச்சு, இடம் மட்டும் ஏறலை”

முதலில் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். கையால் டெலீட் செய்தவை அங்கேதான் இருக்கும். அப்படியும் ஏறவில்லையென்றால், இடத்தைத் தின்பது உங்கள் விதி போகாத இடத்தில் இருக்கிறது.

சி டிரைவின் வேரில் மறைந்திருக்கும் ஹைபர்ஃபில்.சிஸ் என்ற ஃபைல் விண்டோஸ் 10-இல் வழக்கமாக ராம் அளவில் சுமார் 40 சதவீதம். 8 ஜிபி ராம் என்றால் மூன்று ஜிபிக்கு மேல். அட்மினாகத் திறந்த கட்டளை விண்டோவில் பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப் என்று அடித்தால் அந்த இடம் உடனே திரும்பும். டெஸ்க்டாப்பில் தயங்காமல் செய்யலாம். லேப்டாப்பில் யோசியுங்கள்: கரன்ட் போய் பேட்டரி தீரும்போது திறந்திருக்கும் வேலையைக் காப்பாற்றித் தருவது அந்த ஃபைல்தான்.

விண்டோஸ்.ஓல்ட் என்பது பதிப்பு மேம்படுத்தியபின் தங்கும் பழைய விண்டோஸ். 10 நாளில் தானே போகும். அவசரமென்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் வழியாக டெம்பரரி ஃபைல்ஸில் டிக் செய்து அழியுங்கள். இதற்கும் விதி வேண்டாம்.

வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரின் அளவைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். அதில் இருக்கும் ஃபைல்களில் பல, விண்டோஸின் மற்ற ஃபோல்டர்களில் இருக்கும் அதே ஃபைல்தான். இரண்டு இடத்தில் பெயர் இருக்கும், இடம் ஒருமுறைதான் பிடிக்கும். எக்ஸ்புளோரர் இரண்டு முறையும் எண்ணுவதால் பூதாகரமாகத் தெரிகிறது. அங்கே எந்த விதியும் போகக்கூடாது. குறைத்தே ஆக வேண்டுமென்றால் டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ஸ்டார்ட்காம்போனென்ட்கிளீனப் என்ற கட்டளை இருக்கிறது. விண்டோஸே தனக்கு வேண்டாததை எடுத்துக்கொள்ளும். சி:\விண்டோஸ்\இன்ஸ்டாலர் ஃபோல்டரும் இதேபோல் கை வைக்கக்கூடாத இடம். அங்கிருக்கும் எம்எஸ்ஐ ஃபைல்களை அழித்தால் அன்று ஒன்றும் தெரியாது. என்றாவது ஆஃபீஸை அப்டேட் செய்யவோ நீக்கவோ போகும்போது, மூல ஃபைல் எங்கே என்று கேட்டு நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. பிளீச்பிட்டில் காலி இடத்தைத் துடைக்கும் தேர்வு ஒன்று இருக்கிறது. அழித்த ஃபைல்களை யாரும் மீட்க முடியாதபடி, டிரைவ் நிரம்பும்வரை ஒரு பெரிய ஃபைலை எழுதிவிட்டுப் பிறகு அதை அழிக்கும். நடுவில் கரன்ட் போனால் அந்தப் பெரிய ஃபைல் அப்படியே தங்கிவிடலாம். யூபிஎஸ் பேட்டரி பலவீனமான கடையில் இதைத் தொடவே வேண்டாம். மாட்டிக்கொண்டால், அளவு வரிசையில் டெம்ப் ஃபோல்டரைப் பாருங்கள். பெயரில் பொருளே இல்லாத, பல ஜிபி அளவுள்ள ஒற்றை ஃபைல் கிடந்தால் அதுதான். அழித்துவிடுங்கள்.

## “ஆக்சஸ் டினைடுன்னு வருது”

ஃபைலை வேறு ஏதோ நிரல் பிடித்து வைத்திருக்கிறது. குரோமை மூடினாலும் அது பின்னால் ஓடும்படி ஒரு தேர்வு இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்து முடியுங்கள். பூட்டிய ஃபைலை பிளீச்பிட் அடுத்த ரீஸ்டார்ட்டில் அழிக்கக் குறித்து வைக்கும். இதில் கவனிக்க வேண்டியது: ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் செய்து ஆன் செய்வது முழுத் தொடக்கம் அல்ல. ரீஸ்டார்ட் என்பதையே அழுத்த வேண்டும்.

மூடியும் ரீஸ்டார்ட் செய்தும் மறுக்கிறதென்றால், அது விண்டோஸுக்குச் சொந்தமான ஃபைல். ஓனர்ஷிப்பை மாற்றி அழிக்கச் சொல்லும் வழிகளைப் பின்பற்றாதீர்கள். விதியில் அந்தப் பாதை ஏன் இருக்கிறது என்று கேளுங்கள்.

## “ஆதார் ஸ்கேன் மூணு நாள்ல போயிடணும், ரசீது இருக்கணும்”

இது கோளாறு இல்லை. ஆனால் டெல்டாவில் நான் அதிகம் எழுதிக்கொடுக்கும் விதி இதுதான், அதிகம் பிசகுவதும் இதுதான். ஊரார் நம்பிக் கொடுத்த ஆதார் நகல் கடைக் கம்ப்யூட்டரில் வருஷக்கணக்கில் கிடக்கக்கூடாது. அதே சமயம், காப்பீட்டுக்குக் கட்டிய ஒப்புகைச் சீட்டை அறுவடை முடிந்த பிறகும் கேட்டு வருவார்கள். மழையில் பயிர் அழிந்து இழப்பீடு வராதவர் கையில் இருந்த தாளும் நனைந்து போயிருக்கும். அவருக்குக் கடைசி நம்பிக்கை உங்கள் கடையில் இருக்கும் பிடிஎஃப்.

வின்ஆப்2 வடிவத்தில் ‘இத்தனை நாள் பழையது’ என்று சொல்ல வழியில்லை. ஆகவே ஃபார்ஃபைல்ஸ். அதற்கு முன் இரண்டையும் வேறு வேறு ஃபோல்டரில் பிரித்துவிடுங்கள். டி:\ஸ்கேன்\அடையாளம் என்பதில் ஆதார், பாஸ்புக். டி:\ரசீது என்பதில் ஒப்புகைச் சீட்டு. ரசீது ஃபோல்டர் ஸ்கேன் ஃபோல்டருக்குள் இருக்கக்கூடாது, தனியாகவே இருக்கட்டும். பிறகு இந்த வரி:

ஃபார்ஃபைல்ஸ் /பி "டி:\ஸ்கேன்\அடையாளம்" /எஸ் /எம் *.ஜேபிஜி /டி -3 /சி "சிஎம்டி /சி எக்கோ @பாத்"

எக்கோ இருக்கும்வரை அது பெயரை மட்டும் காட்டும். பட்டியலைக் கண்ணால் பார்த்துத் திருப்தியானபிறகு எக்கோ @பாத் என்ற துண்டை இஃப் @இஸ்டிர்==ஃபால்ஸ் டெல் @பாத் என்று மாற்றுங்கள். இங்கே ஃபால்ஸ் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். ஃபோல்டர்களைத் தவிர்த்து ஃபைலை மட்டும் எடுக்கவே அந்த இஃப். டெல் கட்டளையால் போனது ரீசைக்கிள் பின்னுக்கு வராது.

இந்த வரியில் வரும் பிழைகள்: பாதையின் கடைசியில் பின்சாய்வுக்கோடு போட்டு மேற்கோளை மூடினால் கட்டளையே பிழை என்று நிற்கும்; கோட்டை எடுத்துவிடுங்கள். பொருந்தும் ஃபைல் இல்லையென்றாலும் எரர் என்றுதான் சொல்லும், அது பிழையல்ல. ஃபோல்டர் பெயரைத் தமிழில் வைத்திருந்தால், இந்த வரியை எழுதிச் சேமித்து ஓட்டும் பேட்ச் ஃபைல் பாதையே இல்லை என்று சொல்லலாம். முதல் வரியாக சிஎச்சிபி 65001 சேர்த்து, ஃபைலை யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். எளிய வழி, ஃபோல்டருக்கு ஆங்கிலப் பெயர் வைப்பது.

/பி பகுதியை விட்டுவிடவே கூடாது. அது இல்லையென்றால் கட்டளை தான் நிற்கும் ஃபோல்டரில் வேலை செய்யும். ஷெட்யூலரிலிருந்து ஓடும்போது அது நிற்கும் இடம் சிஸ்டம்32 ஆக இருக்கலாம். இதே ஆபத்து வேறு உருவிலும் வரும். வின்ஆப்2 விதிகளில் %டாக்குமென்ட்ஸ்%, %காமன்ஆப்டேட்டா% என்ற பெயர்கள் உண்டு. கருவிகள் அவற்றைப் புரிந்துகொள்ளும். விண்டோஸுக்கு அவை தெரியாது. விதியிலிருந்து பேட்ச் ஃபைலுக்கு அப்படியே ஒட்டினால், தெரியாத பெயர் காலியாக மாறி, பாதை டிரைவின் வேரிலிருந்து தொடங்கிவிடும். பேட்ச் ஃபைலில் முழுப் பாதையை எழுத்துக்கு எழுத்து அடியுங்கள்.

நாள் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. ஃபார்ஃபைல்ஸ் பார்ப்பது கடைசியாக மாற்றிய தேதி. ஒருவர் பென்டிரைவில் போன வருஷம் ஸ்கேன் செய்த ஆதாரைக் கொண்டுவருகிறார். நீங்கள் இன்று காப்பி செய்கிறீர்கள். காப்பி செய்தாலும் அதன் மாற்றிய தேதி போன வருஷத்துடையதே. இன்று இரவே விதி அதை எடுத்துவிடும். பாதியில் நிற்கும் விண்ணப்பத்துக்கு அந்த ஃபைல் வேண்டுமென்றால் வேறு ஃபோல்டரில் வையுங்கள்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இறங்கும் இ-ஆதார் பிடிஎஃப்களை மறந்துவிடுகிறார்கள். அவற்றின் பெயர் இஆதார்_ என்று தொடங்கும் என்பதால் /எம் பகுதியில் அந்தத் தொடக்கத்தையும் நட்சத்திரத்தையும் போட்டு இன்னொரு வரி எழுதலாம். டவுன்லோட்ஸ் முழுவதற்கும் *.பிடிஎஃப் என்று மட்டும் எழுத வேண்டாம். சிட்டாவும் அங்கேதான் இறங்குகிறது, ஒப்புகைச் சீட்டும் அங்கேதான்.

## “சைட் எல்லாம் மறுபடி லாகின் கேக்குது”

குக்கீ, அதாவது நீங்கள் லாகின் செய்ததைப் பிரவுசர் நினைவில் வைக்கும் குறிப்பு, அழிந்திருக்கிறது. நெட்டிலிருந்து எடுத்த பெரிய வின்ஆப்2 ஃபைலில் குக்கீ, செஷன் வரிகள் கலந்திருக்கும். ஆயிரக்கணக்கான விதிகள் கொண்ட அந்த ஃபைலை முழுதாகப் போடுவதைவிட, தேவையானவற்றை மட்டும் பொறுக்கித் தனி ஃபைல் செய்வது நல்லது. ரெஜ்கீ என்று தொடங்கும் வரிகளையும் எடுத்துவிடுங்கள். ரெஜிஸ்ட்ரியைத் துடைப்பதால் இடம் மிச்சமாவதில்லை. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது.

## “வேண்டிய ஃபைல் போயிடுச்சு”

கையை எடுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் வேறு எதையும் சேமிக்காதீர்கள், டவுன்லோட் செய்யாதீர்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் மீட்க வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. எஸ்எஸ்டியில் டிரிம் என்ற வேலை, அழித்த இடத்தைச் சீக்கிரமே காலி செய்துவிடும். அங்கே நம்பிக்கை குறைவு.

முதலில் ரீசைக்கிள் பின். அடுத்து, அந்த ஃபைல் வேறு எங்கே போயிருக்கும் என்று யோசியுங்கள்: விண்ணப்பதாரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கலாம், மெயிலில் இருக்கலாம், தளத்திலேயே மறுபடி எடுக்க முடியலாம். அதுவும் இல்லையென்றால், மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் ஃபைல் ரெகவரி என்ற இலவசக் கருவி ஸ்டோரில் கிடைக்கும். விண்டோஸ் 10-இன் 2004 என்ற எண்ணுள்ள (வருஷம் அல்ல) பதிப்பிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் ஓடும். மீட்ட ஃபைலை வேறு டிரைவில்தான் வைக்க வேண்டும். ஃபைல் போனது சி என்றால் பென்டிரைவைச் செருகி அங்கே மீட்கலாம். கட்டளை இப்படி:

வின்எஃப்ஆர் சி: இ: /எக்ஸ்டென்சிவ் /என் \யூசர்ஸ்\கடை\டவுன்லோட்ஸ்\*.பிடிஎஃப்

இதில் இ: என்பது பென்டிரைவ், கடை என்பது உங்கள் பயனர் பெயர்.

ஃபைல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், எது அழித்தது என்று கண்டுபிடிக்காமல் கம்ப்யூட்டரை வேலைக்கு விடாதீர்கள். உங்கள் விதி மட்டும் குற்றவாளியாக இருக்க வேண்டியதில்லை. ஸ்டோரேஜ் சென்ஸில், டவுன்லோட்ஸில் திறக்காமல் கிடக்கும் ஃபைலை இத்தனை நாளில் அழி என்று ஒரு தேர்வு உண்டு. வழக்கமாக நெவர் என்று இருக்கும். யாராவது 30 நாள் என்று மாற்றியிருக்கலாம். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில் டிஸ்க் கிளீனப் பட்டியலிலும் டவுன்லோட்ஸ் சேர்ந்திருந்தது. இருப்பதற்கெல்லாம் டிக் அடிக்கும் பழக்கமுள்ளவர்கள் அதில் நிறைய இழந்தார்கள். பின்வந்த பதிப்புகளில் எடுத்துவிட்டார்கள், ஆனால் பழைய பதிப்பு ஓடும் கம்ப்யூட்டர்கள் இன்னும் இருக்கின்றன.

திருவாரூர் பக்கம் ஒரு கடையில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்கு *.பிடிஎஃப், ரீகர்ஸ் என்று விதி வைத்திருந்தார்கள். ஸ்கேன் மிச்சத்தை எடுக்கத்தான் அது. ஒரு நாள் ரசீது ஃபோல்டரை டாக்குமென்ட்ஸுக்குள் நகர்த்தினார்கள். விதி மாறவில்லை, ஃபோல்டர் மாறியது. அன்று மாலையே அந்தப் பருவத்தின் ஒப்புகைச் சீட்டு அத்தனையும் போயின. அங்கே டிரைவ் ஹார்ட் டிஸ்க் என்பதால் பெரும்பகுதி மீண்டது.

அப்படி ஆகாமலிருக்க, பாதையைக் கடைசி ஃபோல்டர்வரை எழுதுங்கள். பெயர் மாதிரியைக் குறுக்குங்கள். காக்க வேண்டியதை வெளிப்படையாக விலக்குங்கள். வின்ஆப்2 விதியில் அதற்கு எக்ஸ்க்ளூட்கீ வரி இருக்கிறது:

எக்ஸ்க்ளூட்கீ1=பாத்|டி:\ரசீது\|*.*

இது அந்த விதிக்கு மட்டுமே பொருந்தும். எல்லா விதிக்கும் சேர்த்து ஒரு ஃபோல்டரைக் காக்க, பிளீச்பிட்டின் பிரிஃபரன்ஸஸில் இருக்கும் காப்புப் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டும். நான் இரண்டையும் செய்வேன். ஃபார்ஃபைல்ஸ் இந்த இரண்டையும் மதிக்காது. அங்கே /பி கொடுக்கும் பாதை ஒன்றுதான் காப்பு.

ஃபோல்டரை நகர்த்தினாலும், புது ஸ்கேனர் போட்டாலும், புதுப் பயனர் கணக்கு திறந்தாலும் ப்ரீவ்யூவையும் எக்கோவையும் மறுபடி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வருவதற்கு முன் கடையில் கூட்டம் குறைந்த நாட்களில் இதைச் செய்ய நேரம் கிடைக்கும். டி:\ரசீது ஃபோல்டரை வெளி டிரைவில் ஒரு நகல் எடுத்து வைக்கவும் அந்த நாட்களே தோது.